பெரட்டுக் களத்து நடை

இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் எது வேண்டுமானாலும் கேளுங்கள், சமதரை மட்டும் கேட்காதீர்கள். ஊசிக்கல் தோட்டத்தில் கோயில் மேட்டில் இருக்கிறது, பள்ளிக்கூடம் பள்ளத்தில் இருக்கிறது. பிள்ளைகள் பந்து விளையாடுகிற இடத்தில்கூட ஒரு அணி மேலே நின்றால் மற்ற அணி கீழேதான் நின்றாக வேண்டும். ஒரு ஆள் மேடு பள்ளம் இல்லாமல் நேராகக் கொஞ்சத் தூரம் நடக்கக்கூடிய இடம் அந்தத் தோட்டத்திலேயே ஒன்றுதான். அது பெரட்டுக் களம். விடிந்ததும் தொழிலாளர்கள் வந்து வரிசையில் நின்று, பேர் கூப்பிடக் கேட்டு, இன்றைக்கு எந்த மலை என்று தெரிந்துகொண்டு வேலைக்குப் பிரிகிற இடம்.

சுலக்ஷனா அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது. தரை சமமாக இருந்தது. அவளுக்கு அது போதும் என்று பட்டது.

அவள் ராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், பிறந்து, பொறியியல் படித்து, இப்போது பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறவள். ஆய்வு நடையைப் பற்றியது. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட ஆட்கள் திரும்ப நடக்கத் தொடங்கும்போது, பாதத்தின் முன்பகுதி தொங்கிப்போய்த் தரையில் உரசும். கல் தடுக்கும், படி தடுக்கும், சில நேரம் போட்டிருக்கிற செருப்பே தடுக்கும். அதற்காக அவள் ஒரு பட்டி செய்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொண்டால் அது ஒவ்வோர் அடியையும் பதிந்துகொள்ளும். அதோடு சேர்ந்து செருப்பின் முனையில் விரல் அகலத்துக்கு ஓர் ஒளித்துண்டு. பாதம் போதிய அளவு உயர்ந்தால் அது பச்சையாக எரியும், உயராவிட்டால் எரியாது. குனிந்து அதைப் பார்த்துப் பார்த்துக் காலைத் தூக்கிப் பழக வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

ஒளித்துண்டு லோஜினியின் கைவேலை. மின்சாரம் பட்டால் ஒளி விடுகிற மெல்லிய படலம் ஒன்றை அவள் அதே ஆய்வுகூடத்தில் பக்கத்து மேசையில் இருந்து வருடக்கணக்காகச் செய்துகொண்டிருந்தாள். பட்டிக்குள் இருக்கும் குட்டி பேட்டரி தனுஷனுடையது. அதன் அனோடுக்கு அவன் புதிதாக ஏதோ ஒரு கலவை கண்டுபிடித்திருந்தான். எந்தக் குளிருக்கும் அசையாது என்று மார்தட்டினான். லிந்துலைப் பனியில் முதல் நாள் காலையிலேயே அது கண்ணை மூடிவிட்டது. பிறகு கலவையை மாற்றி, மன்னிப்பும் கேட்டு, புதிதாகச் செய்து கொடுத்தான். இரண்டு பேரும் தங்கள் சரக்கு ஒழுங்காக வேலை செய்ததா என்று நாள்தோறும் போன் பண்ணிக் கேட்பார்கள். நடந்த ஆள் எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அதற்காகச் சுலக்ஷனா அவர்களைக் கேலி செய்வாள். தானும் அதே ரகம்தான் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

தொடக்க அளவை அவள் ஆஸ்பத்திரி நடைபாதையில் எடுத்திருந்தாள். ஊசிக்கல் தோட்டத்தில் இருந்து கிளினிக்குக்கு வருகிற எட்டுப் பேர், எட்டுப் பேரும் காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். பட்டியைக் கொடுத்து, வீட்டில் தினமும் நடந்து பழகச் சொல்லி அனுப்பினாள். இப்போது கடைசி அளவு. இதற்காகவும் அவர்களைப் பஸ் ஏற்றி அலைக்கழிக்க வேண்டாம் என்றுதான் கருவிகளைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கே வந்திருந்தாள்.

தோட்டத்து மருந்தகத்தைப் பார்க்கிற டிஸ்பென்சர் ஐயா நல்ல ஒத்தாசை செய்தார். பெரட்டு முடிந்து களம் காலியானதும் எட்டுப் பேரையும் வரச் சொல்லியிருந்தார். அவரே களத்தோரத்து விறாந்தையில் ஏறி நின்று ஒவ்வொரு பேராக உரத்துக் கூப்பிட்டார். வந்தவர்களைப் பார்த்துச் சுலக்ஷனாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆண்கள் தொப்பியும் பூட்ஸுமாக வந்திருந்தார்கள். பெண்கள் தலையில் துணி கட்டி, இடுப்பில் படங்குச் சீலை சுற்றி, மழையில் கொழுந்து பறிக்கப் போகிற கோலத்தில் நின்றார்கள். அவள் போனை எடுத்து ஒரு படமும் பிடித்துக்கொண்டாள்.

கடைசியாக ஜெயமலரைக் கூப்பிட்டார்கள். ஐம்பதைத் தொடாத வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றபடியே இடது பக்கம் இழுத்துக்கொண்டு விழுந்தவள். அதற்குப் பிறகு அவளை மலைக்கு விடவில்லை. நர்சரியில் உட்கார வைத்து, தேயிலைக் கன்று நடுகிற பைகளுக்கு மண் நிரப்பக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறை சுலக்ஷனாவைப் பார்க்கும்போதும் அவள் கேட்பது ஒரே கேள்வி: “நான் எப்ப மிஸ் மலைக்குப் போறது?”

அன்றைக்கு ஜெயமலர் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். முதுகு நிமிர்ந்திருந்தது, கண் நேரே பார்த்தது. குனிந்து ஒளித்துண்டைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் அது ஒவ்வோர் அடிக்கும் பளிச் பளிச்சென்று எரிந்தது. களத்தின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தாள். மடிக்கணினியில் கோடு அழகாக ஏறி இறங்கியது. சுலக்ஷனா எழுந்து கை தட்டினாள். ஆய்வுக்காரர் அப்படிச் செய்யக் கூடாது, ஆனால் செய்துவிட்டாள்.

“என்ன மிஸ், நல்லா நடக்குதா?” என்று டிஸ்பென்சர் ஐயா கேட்டார்.

“ரொம்ப நல்லா நடக்கிறாங்க சேர். நான் இவ்வளவு எதிர்பார்க்கல.”

“அப்ப பெறகென்ன? ஜெயமலரு, நாளைக்கே ஒம்பதாம் நம்பர் மலைக்குப் போ. தொரைகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

ஜெயமலர் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள். அவள் கும்பிட்டது டிஸ்பென்சர் ஐயாவையா, தன்னையா என்று சுலக்ஷனாவுக்குப் புரியவில்லை. தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கோடும் ஒரு மனுஷியும் ஒன்றாக நிமிர்ந்து நிற்பதைப் பார்த்ததாக நினைத்தாள். அந்தக் கோட்டின் படத்தை அங்கிருந்தே தன் பேராசிரியருக்கு அனுப்பி வைத்தாள்.

எல்லோரும் போன பிறகு பட்டிகளைப் பெட்டியில் அடுக்கினாள். ஒன்று குறைந்தது. ஜெயமலர் கழற்றாமலே போயிருந்தாள். அவள் இருக்கிற மேட்டு லயம் ஒன்றும் தூரமில்லை, தானே போய் வாங்கி வரலாம் என்று கிளம்பினாள். பெக்டரி முடக்கில் திரும்பியதும், ஏற்றப் பாதையில் ஜெயமலரின் முதுகு தெரிந்தது.

கூப்பிட வாயெடுத்தவள் கூப்பிடவில்லை.

ஜெயமலர் கான் என்கிற வடிகாலின் ஓரத்துக் கல்லுக் கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு போனாள். இடது காலை முன்னால் தூக்கி வைக்காமல் பக்கவாட்டில் வட்டம் அடித்து இழுத்துக்கொண்டு வந்து போட்டாள். செருப்பு தரையில் உரசுகிற சத்தம் கீழே வரை கேட்டது. கொஞ்சத் தூரம் போய் நின்று மூச்சு வாங்கினாள். திரும்ப இழுத்தாள். செருப்பு முனையில் ஒளித்துண்டு ஒரு தரம்கூட எரியவில்லை.

தனுஷனின் பேட்டரி மறுபடியும் காலை வாரிவிட்டதாக்கும் என்றுதான் சுலக்ஷனாவுக்கு முதலில் தோன்றியது. மனம் அப்படித்தான், தனக்குப் பிடிக்காததைப் பார்த்தால் உடனே பேட்டரி மேல் பழி போடும். ஆனால் அந்தக் கால் இழுபடுவதைப் பார்க்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

ஜெயமலர் ஒரு கல்லில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தபோது அவளைக் கண்டாள். சட்டென்று எழுந்து நிமிர்ந்து நிற்கப் பார்த்தாள்.

“பட்டிக்கா வந்தீங்க மிஸ்? மறந்துட்டேன் பாருங்க.”

“எந்திரிக்காதீங்கக்கா. உக்காருங்க.”

“எங்க இருந்து பாத்தீங்க?”

“பெக்டரி முடக்குல இருந்து.”

“அப்ப எல்லாத்தையும் பாத்தாச்சு.” ஜெயமலர் மறுபடி உட்கார்ந்தாள். பிடிபட்ட கூச்சத்தில் சிரித்தாள். அதோடு ‘மிஸ்’ என்பதும் போய்விட்டது. “நீ தோட்டத்துப் புள்ளதானே. பெரட்டுல பேரு கூப்பிட்டா எவளாவது நொண்டிக்கிட்டு வருவாளா? காச்சலோட போனாலும் நிமுந்து நின்னாத்தான் வேலை. மொகம் வாடியிருந்தா, நீ லயத்துக்குப் போன்னுருவாங்க. பல்லைக் கடிச்சிக்கிட்டு அந்தக் களத்தைத் தாண்டிட்டாப் போதும். அதுக்கப்புறம் யாரு பாக்குறா?”

“மத்தவங்களும் அப்படித்தானா?”

“சின்னத்தம்பி அண்ணன் பூட்ஸுக்குள்ள சைக்கிள் டியூப்பு கட்டிக்கிட்டு வந்துச்சு. நாங்க எல்லாருமா கோயிலுக்குப் பின்னால போயி ரெண்டு மூணு நாளா நடந்து பாத்துக்கிட்டோம். பெனடோல் போட்டுக்கிட்டா கொஞ்ச நேரத்துக்குத் தாங்குது.”

“ஆஸ்பத்திரில அப்படி நடக்கலியேக்கா.”

“நல்லாக் கேட்ட போ. ஆஸ்பத்திரில நிமுந்து நடந்தா மருந்து குடுப்பாங்களா? அங்க கொஞ்சம் கூடவே இழுத்தேன்.”

சுலக்ஷனாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆஸ்பத்திரியில் அவர்கள் உள்ளதைவிடக் கூட நொண்டியிருந்தார்கள், பெரட்டுக் களத்தில் உள்ளதைவிடக் கூட நிமிர்ந்திருந்தார்கள்; நடுவில் இருக்கிற வித்தியாசம் முழுவதையும் அவள் தன் பட்டியின் வெற்றி என்று எழுதிவைத்திருந்தாள். பெரட்டு என்றால் என்னவென்று தெரியாத ஊரில் பிறந்தவளா அவள்? அவளுடைய அம்மா வயிற்றுவலியோடு பெரட்டுக்குப் போய் நின்ற காலைகளை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். வேறு யாராவது இந்தப் பிழையைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். தரை சமமாக இருக்கிறதா என்று குமிழி மட்டம் வைத்துப் பார்த்தாளே தவிர, அது என்ன தரை என்று யோசிக்கவில்லை.

“அக்கா, ஒம்பதாம் நம்பர் மலை செங்குத்தா இருக்குமே. இந்தக் காலோட எப்படி ஏறுவீங்க?”

ஜெயமலரின் சிரிப்பு போய்விட்டது. அவள் சுலக்ஷனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லிப்புடாத புள்ள. இத்தனை வருசமா என் நெரை அந்த மலையிலதான். பக்கத்து நெரையில நிக்கிறவ பாடுவா, நான் அவளை ஏசுவேன், கொழுந்து பறிக்கிறதே தெரியாமப் பொழுது போயிரும். நர்சரில ஒரு கெழவனும் நானும் எதிரெதிரே குந்திக்கிட்டு மண்ணை அள்ளிப் போடுறோம். அந்த ஆளுக்குக் காதும் கேக்காது. நான் சாகலங்கிறதை அந்த மண்ணுக்குத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். என்னை மலைக்குப் போக விடு. ஏறிக்கிருவேன்.”

சுலக்ஷனா பட்டியைக் கழற்றி வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

தலவாக்கலையில் அவள் தங்கியிருந்த அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அந்தப் பட்டியில் பதிந்திருந்ததைக் கணினியில் திறந்தாள். முன்பாதி, களத்தில் நடந்த அழகான நடை. பின்பாதி, பெக்டரி முடக்குக்கு அப்பால் நடந்த நடை. இரண்டும் ஒரே காலுடையது என்று சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்ப மாட்டார்கள். எங்கே தொடங்க வேண்டும், எங்கே வெட்ட வேண்டும் என்பது அவள் இஷ்டம். முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டால் ஆய்வும் பிழைக்கும், ஜெயமலரும் மலைக்குப் போவாள். இரண்டு பேருக்கும் வேண்டியது கிடைத்துவிடும். அந்த நினைப்பில் அவள் கொஞ்ச நேரம் சுகமாகக்கூட இருந்தாள். அதை மறைத்துப் பிரயோசனமில்லை.

பேராசிரியர் யோகேஸ்வரனின் அழைப்பு வந்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மாணவர்களை லேசில் புகழ மாட்டார்.

“பிள்ளை, நீர் காலமை அனுப்பின படம் பாத்தனான். இப்பிடி ஒரு முன்னேற்றத்தை நான் எதிர்பாக்கேல்லை. வாற மாத அறிக்கைக்கு இது ஒண்டே காணும்.”

“சேர், அது பிழை சேர்.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் அவர்கள் கூடுதலாக நொண்டியதைச் சொன்னபோது மறுமுனையில் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

“வாற மாதம் அறிக்கை இல்லையெண்டா திட்டத்தை மூடிப்போடுவினம். அது உமக்குத் தெரியும்தானே?” என்றார்.

“தெரியும் சேர்.”

“சரி, அந்த மனிசியை மலைக்கு விடப் போகினமோ?”

“நாளைக்குக் காலையில சேர். நான் நல்லா நடக்கிறாங்கன்னு சொல்லிட்டேன்.”

“அப்ப என்னோட நிண்டு என்ன கதை? முதல்ல போய் அதை நிப்பாட்டும். அறிக்கையைப் பிறகு பாப்பம்.”

போனை வைத்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது, அவர் வேறு மாதிரிச் சொல்ல வேண்டும் என்று தான் எவ்வளவு ஆசைப்பட்டிருந்தாள் என்று.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய் இறங்கினாள். களம் நிறைய ஆட்கள். பனிக்குள் ஜெயமலர் மூன்றாவது வரிசையில் நின்றாள். புதுப் படங்குச் சீலை கட்டி, முதுகில் கொழுந்துச் சாக்குப் போட்டு, யாரோ சொன்ன பகிடிக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்கச் சுலக்ஷனாவின் கால் பின்வாங்கியது. எல்லோர் முன்னாலும் இவள் நேற்று நடித்தாள் என்று சொன்னால் அந்த முகம் என்னாகும்? சொல்லாவிட்டால் அந்த மலையில் அந்தக் கால் என்னாகும்?

அவள் நேரே விறாந்தைக்குப் போனாள்.

“சேர், நேத்து நான் எடுத்த அளவு பிழை. என் மெஷினை நான் சரியா வைக்கல. எட்டுப் பேருக்கும் திரும்ப எடுக்கணும். அதுவரைக்கும் யாரையும் வேலை மாத்த வேணாம்.”

டிஸ்பென்சர் ஐயா வாயைப் பிளந்தார். “என்ன மிஸ் இது? தொரைகிட்டச் சொல்லியாச்சே. நான் எந்த மொகத்தை வச்சிக்கிட்டுப் போயி மாத்திச் சொல்றது? இவ்வளவு படிச்சிட்டு ஒரு மெஷினை ஒழுங்கா வைக்கத் தெரியாதா?”

“என் பிழைதான் சேர்.”

அதில் பாதி பொய், பாதி உண்மை. எது எந்தப் பாதி என்று பிரிக்க அவளுக்கே தெரியவில்லை. கணக்கப்பிள்ளை ஒன்பதாம் நம்பர் மலைக்குப் போகிறவர்களின் பேர்களைக் கூப்பிட்டார். ஜெயமலரின் பேர் அதில் வரவில்லை. அது நர்சரிக்குப் போகிறவர்களின் பேர்களோடு வந்தது. அவள் முதுகுச் சாக்கை இறக்கி, மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தாள். அப்போதும் நொண்டவில்லை. சுலக்ஷனாவைத் தாண்டிப் போகும்போது மட்டும் ஒரு நொடி நின்றாள்.

“நம்ம புள்ளன்னு நெனச்சேன்” என்றாள்.

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அதற்குப் பிறகு சுலக்ஷனா பெரட்டுக் களத்தின் பக்கமே போகவில்லை. லயத்துக்குப் போனாள். யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, டிஸ்பென்சர் ஐயாவைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து பட்டியைக் கட்டிவிட்டு, “உங்க வேலையைப் பாருங்க, நான் எதுவும் கேக்க மாட்டேன்” என்பாள். முதல் இரண்டு நாள் எல்லோரும் அவளைக் கண்டதும் நிமிர்ந்தே நடந்தார்கள். அவர்களுக்குச் சலித்துப் போகிற வரைக்கும் அவள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் சின்னத்தம்பி பைப்படிக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போது மறந்துபோய்த் தன் சொந்த நடையில் நடந்தார். அடுத்தடுத்து மற்றவர்களும் மறந்தார்கள். படியில் தடுக்கினார்கள், விறகோடு நின்று மூச்சு வாங்கினார்கள், கானைத் தாண்ட முடியாமல் சுற்றிக்கொண்டு போனார்கள். வந்த கோடுகள் அசிங்கமாக இருந்தன. ஆஸ்பத்திரியில் எடுத்த தொடக்க அளவையும் அவள் தூக்கிப் போட்டிருந்ததால், பட்டி உதவியதா இல்லையா என்று சொல்லவே வழியில்லாமல் எல்லாம் முதலில் இருந்து தொடங்கியது. தனுஷன் போன் பண்ணிப் பேட்டரி எப்படி என்று கேட்டான். லோஜினி ஒளித்துண்டு நனைகிறதா என்று கேட்டாள். சுலக்ஷனா இரண்டு பேரையும் ஏசினாள். பிறகு பாவமாக இருந்தது, திரும்ப எடுத்துப் பதில் சொன்னாள்.

ஏழு பேர் நடந்தார்கள். ஜெயமலர் வரவில்லை. சுலக்ஷனா லயத்துக்குள் நுழைவதைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று, “அக்கா, நீங்க நடக்க வேணாம், ஒரு வார்த்தை பேசுங்க” என்று சுலக்ஷனா கேட்டுப் பார்த்தாள். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அது கொஞ்சம் பலமாகவே கேட்டது. ஏழு பேரை வைத்து ஆய்வை நடத்தலாம், அதில் ஒன்றும் குறையில்லை. குறை அவள் மனதில்தான் இருந்தது.

மாதம் முடிகிற தறுவாயில் ஒரு திங்கட்கிழமை. பெரட்டுக்கு ஆட்கள் கிளம்புகிற நேரம். சுலக்ஷனா சின்னத்தம்பியின் வாசலில் குனிந்து பட்டி கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கால் வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தால் ஜெயமலர். முழங்கையில் தோல் உரிந்து மஞ்சள் பூசியிருந்தது.

“என்னக்கா இது?”

“நேத்து லீவுதானே. ஒம்பதாம் நம்பருக்குத் தனியாப் போயிப் பாத்தேன்.” ஜெயமலர் படியில் உட்கார்ந்து இடது காலை நீட்டினாள். “என் நெரை வரைக்கும் ஏறிட்டேன் புள்ள. ஏறிட்டு நின்னு சுத்திப் பாத்தேன், எல்லாம் அப்படியேதான் இருக்கு. எறங்கத்தான் முடியல. காலு எங்க போகுதுன்னே தெரியல. கத்தினேன், யாரும் இல்ல. கடைசில செடிக்குச் செடி பிடிச்சிக்கிட்டு குண்டியால தேச்சிக்கிட்டே ரோட்டுக்கு வந்தேன். பாவாடை பூராக் கிழிஞ்சி போச்சு. யாராவது பாத்திருந்தா வருசம் முழுக்கச் சிரிப்பாங்க.”

அவளே சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண் நிறைந்தது. சுலக்ஷனா அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“கட்டு” என்றாள் ஜெயமலர்.

“அக்கா, இந்த அளவை எடுத்தா… இந்த வருசம் மலைக்கு அனுப்ப மாட்டாங்க. அடுத்த வருசமும் என்னால ஒண்ணும் சொல்ல முடியாது.”

“தெரிஞ்சிதான் வந்தேன். கட்டு.”

சுலக்ஷனா கட்டினாள். மற்றவர்களைப் போலப் பைப்படிக்குப் போய்த் திரும்புவாள் என்று நினைத்தாள். ஜெயமலர் பைப்படியைத் தாண்டிப் பெரிய பாதையில் இறங்கினாள். நர்சரிக்குப் போக அதுதான் வழி, அது பெரட்டுக் களத்தின் ஊடாகப் போகும். ஒன்பதாம் நம்பர் மலைக்கான பெண்கள் அங்கே சாக்கும் படங்குமாகத் திரண்டு நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் அவளோடு சேர்ந்து நிரை பிடித்தவர்கள். விறாந்தையில் கணக்கப்பிள்ளையும் டிஸ்பென்சர் ஐயாவும் நின்றார்கள்.

ஜெயமலர் களத்துக்குள் காலை இழுத்துக்கொண்டு நுழைந்தாள். முதுகை நிமிர்த்தவில்லை. பல்லைக் கடிக்கவில்லை. பக்கவாட்டில் வட்டம் போட்டுப் போட்டு, செருப்பு சரசரவென்று உரச, அத்தனை பேர் பார்த்திருக்க நடந்தாள். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். இன்னொருத்தி “அடி ஜெயா” என்று மெதுவாகச் சொன்னாள். ஜெயமலர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

களத்தின் கோடியில் கானைக் கடக்கிற இடத்தில் அவளுக்குத் தடுக்கியது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின்னால் வந்த சுலக்ஷனா பாய்ந்துபோய் அவள் தோளைப் பிடித்தாள்.

“பிடிக்காத புள்ள” என்றாள் ஜெயமலர். மூச்சு வாங்கியது. “நீ பிடிச்சா உன் கணக்குப் பிழையாப் போயிரும்.”

சுலக்ஷனா கையை எடுத்தாள். ஜெயமலர் கானின் விளிம்பில் நின்று, காலைக் கையால் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, தானாகவே தாண்டி, நர்சரிப் பாதையில் இறங்கினாள். சுலக்ஷனா கண்ணைத் துடைக்கவும் மறந்து அவளுக்குப் பின்னால் நடந்தாள்.